தேய்ந்திருந்தது வளையம்தான்

எங்கள் வீட்டில் வேட்டைத் துவக்கு என்னுடையது. இதைச் சொன்னால் டென்மார்க்கில், இந்த பிராண்டேயில் இருக்கிற எங்கள் சனம் முதலில் என்னைப் பார்க்காது, என் கணவரைத்தான் பார்க்கும். ஐயோ பாவம் என்று ஒரு பார்வை. அவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

காற்றாலை செய்கிற தொழிற்சாலையில் எனக்கு வேலை, ஹைட்ரோலிக் பகுதியில். எண்ணெய் அழுத்தத்தில் ஓடுகிற சிலிண்டர்களைப் பொருத்துவது, கசிகிறதா என்று பார்ப்பது, கசிந்தால் கழற்றி உள்ளே இருக்கும் வளையங்களை மாற்றுவது. பதினான்கு வருடமாக இதுதான் பிழைப்பு. என்னோடு நிற்கிறவர்களில் பாதிப்பேர் வேட்டைக்காரர். ஒரு இலையுதிர் காலத்தில் அவர்களில் ஒருவர் மான் தொடை ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். நான் அதைத் தூள் போட்டுப் பிரட்டல் கறியாக்கி அடுத்த நாள் ஒரு சட்டியில் கொண்டுபோனேன். கண்ணும் மூக்கும் ஒழுக ஒழுகச் சாப்பிட்டார்கள். அடுத்த வருடம் நானே வேட்டைப் பரீட்சைக்குப் பெயர் பதிந்தேன். முதல் தரம் பறவைகளை அடையாளம் காண்பதில் கோட்டைவிட்டேன். இரண்டாம் தரம் பாஸ்.

என் வலது தோள் தொழிற்சாலைக்கு நேர்ந்துவிட்ட தோள். ஒவ்வொரு வெடிக்கும் கையால் இழுத்துத் தள்ளுகிற துவக்கு எனக்குச் சரிவரவில்லை. அது உதைக்கிற உதையில் இரண்டு நாளைக்குத் தலைவாரக் கை எழும்பாது. அதனால் வேட்டையை விட்டுவிட்ட ஒரு கிழவரிடம் அரைத் தானியங்கித் துவக்கு ஒன்றை, பொலிஸ் அனுமதி எல்லாம் முறைப்படி எடுத்து வாங்கினேன். ஒரு வெடி வைத்தால் அடுத்த தோட்டாவை அதுவே ஏற்றிக்கொள்ளும். வேட்டைக்கு மூன்று தோட்டாவுக்கு மேல் போட இங்கே விடமாட்டார்கள். அது எனக்குத் தாராளம்.

அதன் சூட்சுமம் பெரிய விசயம் ஒன்றுமில்லை. மருந்து வெடித்துச் சன்னத்தைத் தள்ளிக்கொண்டு போகிற வாயுவில் கொஞ்சம், குழலில் இருக்கிற சின்னத் துளையால் பிரிந்து வந்து ஒரு பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும். அந்தத் தள்ளலில் சுட்டு முடிந்த தோட்டாவின் வெற்றுக் கோது வெளியே பறக்கும், புதுத் தோட்டா உள்ளே வரும். தள்ளல் குறைந்தால் கோது பாதி வழியில் சிக்கிக்கொள்ளும், அடுத்த வெடி வராது.

என் கணவருக்குத் துவக்கு என்றால் ஆகாது. ஊரில் இருந்த காலத்தில் அதன் வாய்ப்பக்கத்தை மட்டும் பார்த்த மனிதர் அவர். ஆனாலும் எனக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. "பூட்டி வையும்," என்று மட்டும் சொன்னார். இரும்பு அலுமாரியில் பூட்டி வைத்தேன். திறப்பு என்னிடம்தான். அந்த அலுமாரி இருக்கிற பக்கம் அவர் போகவும் மாட்டார்.

அவருடைய உண்மையான பயம் துவக்கு இல்லை, தன்னுடைய கை. ஆறு வயதில் அவர் நட்ட கத்தரிக் கன்று பட்டுப்போனதற்கு யாரோ ஒரு மாமி, "இவன்ர கை ராசியில்லாத கை," என்று சொல்லிவிட்டாவாம். அந்த மாமி சொன்னதை மறந்தே போயிருப்பா. இவர் மறக்கவில்லை. நாங்கள் வீடு வாங்கியபோது பால் காய்ச்சியது நான். புதுக் கார் வந்தபோது எலுமிச்சம்பழத்தின் மேல் முதலில் ஏற்றியது நான். மகள் பிறந்தபோது மருத்துவிச்சி தொப்புள்கொடியை வெட்டச் சொல்லி இவரிடம் கத்தரிக்கோலை நீட்டினார். இங்கே அது தகப்பனுக்குக் கொடுக்கிற மரியாதை. இவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அந்த மனுசி இவருக்கு இரத்தம் பயமாக்கும் என்று நினைத்து ஒரு கதிரை கொண்டுவந்து வைத்தார்.

நான் பகிடி பண்ணிப் பண்ணியே இருபத்தெட்டு வருடம் போயிற்று. மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்தபோதுதான் இது பகிடி இல்லை என்று விளங்கியது. மணவறையில் மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் கொடுத்துத் தாரை வார்க்க வேண்டியவர் தகப்பன். தாய் பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்ற வேண்டும். இவர் முதல் நாளே சொல்லிவிட்டார், "அதை ஹ்விடோவ்ரேயில இருக்கிற தம்பி செய்யட்டும். அவன்ர கை நல்ல கை."

மகள் ஒடென்சேயில் வேலை பார்க்கிறாள். தமிழில் நன்றாகக் கதைப்பாள், ஆனால் கோபம் வந்தால் டேனிஷுக்குத் தாவிவிடுவாள். அன்றைக்குத் தாவினாள். தனக்கு இருப்பது ஒரே ஒரு அப்பாதான், அவர் கொடுக்காவிட்டால் தன்னை ஒருவரும் கொடுக்க வேண்டாம், பதிவுத் திருமணத்தோடு விட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு விறைத்துக்கொண்டு ரயிலேறிப் போனாள். இவரைச் சம்மதிக்க வைக்க எனக்கும் அவளுக்கும் ஒரு வருடம் பிடித்தது. கடைசியில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "சரி, நானே செய்யிறன்," என்றார். நான் வாயில் வைத்த சோற்றை விழுங்காமல் அப்படியே இருந்தேன்.

கல்யாணத்துக்கு ஐந்து கிழமை இருக்கும்போது நவராத்திரியின் கடைசி நாள் ஆயுத பூசை வந்தது. வழக்கமாக நான்தான் பொட்டு வைப்பேன். அந்த முறை அவர், "நான் வைக்கிறன். கை பழகட்டும்," என்றார். குளித்து வேட்டி கட்டிக்கொண்டு வந்து சந்தனம் குழைத்தார். தையல் மெசின், மிக்சி, ஸ்பானர்கள் கிடக்கிற என் ஆயுதப் பெட்டி, முதியவர்களை ஏற்றி இறக்குகிற தன் வேலை வானின் திறப்பு எல்லாவற்றையும் வரிசையாக வைத்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"உம்மட துவக்கையும் கொண்டுவாரும்."

"என்னப்பா, உண்மையாவோ?"

"ஆயுத பூசை எண்டு சொல்லிப்போட்டு ஆயுதத்தை மட்டும் பூட்டி வைக்கிறதே?"

தோட்டா ஒன்றும் இல்லாமல், பாகம் பாகமாகக் கழற்றி, ஒரு வெள்ளைத் துணியில் பரப்பிக் கொண்டுவந்து வைத்தேன். அவர் ஒவ்வொரு துண்டாகத் தொட்டார். ஒன்றையும் விடவில்லை. குழலுக்கு, கட்டைக்கு, பிஸ்டனுக்குக்கூடச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். அந்த மனிதர் தன் வாழ்க்கையில் பயந்த இரண்டு சாமான்களையும் அன்றைக்கு ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் துடைத்து, பொருத்தி, அலுமாரியில் பூட்டினேன். அந்த ஞாயிறு ஊருக்கு வெளியே இருக்கிற சுடுதளத்துக்குப் போனேன். முதல் வெடி சரி. இரண்டாவதுக்கு விசையை அழுத்தினால் சத்தமே இல்லை. பார்த்தால் வெற்றுக் கோது வெளியே போகாமல் பாதியில் பல்லில் கடித்த மாதிரி நின்றது. எடுத்துவிட்டு மறுபடி சுட்டேன். மறுபடியும் அதே. மூன்றாம் முறையும் அதே. கழற்றிப் பார்த்தேன். பிஸ்டனைச் சுற்றி ஓடுகிற ஒரு காடிப் பள்ளத்தில் மஞ்சளாக ஒரு பொட்டு. சந்தனம்!

எனக்கு வாய் நீளம். அது எனக்கே தெரியும். வீட்டுக்குப் போகிற வழி இருபது நிமிடம், ஆறுவதற்கு அது போதும். ஆனால் நான் அந்த இருபது நிமிடமும் அடுப்பை ஏற்றிக்கொண்டே போனேன். வேட்டை தொடங்குகிற நேரம், காட்டில் ஒரு மானுக்கு முன்னால் இப்படி நின்றால் என்ன கதி என்று நினைக்க நினைக்க இன்னும் ஏறியது. அவர் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா செய்து வைச்சிருக்கிறியள்? சந்தனத்தை அள்ளி அப்பி வைச்சிருக்கிறியள்! நல்லா இருந்த சாமான், உங்கட கை பட்டுத்தான் நாசமாப் போச்சு!"

சொல்லி முடிப்பதற்குள்ளேயே என் காதில் விழுந்துவிட்டது. ஆனால் கொட்டின பாலை அள்ள முடியுமா? அவர் கத்தியை மெல்ல வைத்தார். பைப்பைத் திறந்து கையைக் கழுவினார், வெகுநேரம் கழுவினார். பிறகு துவாயில் துடைத்துக்கொண்டு, "ஓம். அதைத்தானே நான் அப்பவே சொன்னனான்," என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்று பின்னேரமே தம்பிக்குப் போன் எடுத்தார். நான் சோபாவில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். "தம்பி, தாரை வார்க்கிறதை நீயும் அவவும் செய்யுங்கோ. இல்லை, ஒரு பிரச்சினையும் இல்லை. எனக்குக் குனிஞ்சு நிமிர ஏலாமல் இருக்கு." தம்பி வார்த்தால் தம்பியின் மனைவிதான் தண்ணீர் ஊற்றுவா. என் பிள்ளைக்கு நான் தண்ணீர் ஊற்றக் கிடையாது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணல் தான் கெட்டதுமில்லாமல் புருசனையும் பிள்ளையையும் சேர்த்தல்லவா கெடுத்துவிட்டது.

மகளுக்கு நான் சொல்லவில்லை. சித்தப்பா சொல்லிவிட்டார். அவள் எனக்கு எடுத்தாள். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை. "அம்மா, நீங்கள் அப்பாவுக்கு என்ன சொன்னனீங்கள்?" என்று கேட்டாள். சுத்தத் தமிழில் கேட்டாள். அந்தத் தமிழுக்கு நான் பயந்தேன்.

அவரிடம் கெஞ்சிப் பார்த்தேன். "உங்கட கை பட்ட மிக்சி ஓடுது, தையல் மெசின் ஓடுது, நீங்கள் பொட்டு வைச்ச திறப்பால வான் ஓடுதே!" என்றேன்.

"அதெல்லாம் சரி. ஒரு உயிரோட சம்பந்தப்பட்டது அது ஒண்டுதானே. அதுதான் நிண்டது," என்றார். "பிள்ளையின்ர வாழ்க்கையில நான் சோதிச்சுப் பார்க்கேலாது."

இரண்டு நாள் வேலை முடிந்து வந்து கராஜில் இருந்து துவக்கைக் கழுவினேன், துடைத்தேன், துளைகளில் கம்பி விட்டுக் குத்தினேன். ஒரு தூசி சந்தனம் இல்லாமல் எடுத்தேன். சந்தனம் போனால் துவக்கு ஓடும், ஓடினால் குற்றம் சந்தனத்தில், கையில் இல்லை என்று வாதாடலாம் என்பது என் கணக்கு. எவ்வளவு மொக்குக் கணக்கு! சந்தனத்தை வைத்தது அந்தக் கைதானே.

சனிக்கிழமை மறுபடி சுடுதளம். முதல் வெடி போனது. இரண்டாவது நின்றது. அதே பாதிக் கோது, அதே கடி. அந்த இடத்தில் எனக்கு வந்தது கோபம் இல்லை, சந்தோசம். சந்தனம் இல்லை! துடைத்து எடுத்த பிறகும் நிற்கிறது என்றால் சந்தனம் இல்லை! பக்கத்து மேசையில் இருந்த வயதான டேனிஷ்காரர் நான் தனியே சிரிக்கிறதைப் பார்த்து எழும்பி வந்தார். பழைய டிராக்டர் மெக்கானிக். எங்கள் வேட்டைக் குழுவில் யாருடைய துவக்கு என்ன நோவென்றாலும் அவரிடம்தான் போகும். நான் கையை வீசி, சந்தனம், பூசை, கல்யாணம் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்ட, அவர் "ரோலி, ரோலி" என்றார். அமைதி, அமைதி என்று அர்த்தம். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து எனக்கு அதிகம் சொல்லப்பட்ட வார்த்தை அதுதான்.

சந்தனம் என்றால் மரத்தூளா, ஒரு பொட்டு மரத்தூள் பிஸ்டனை நிறுத்தாதே என்றார். பிறகு நிலத்தைக் காட்டினார். மற்றவர்களின் கோதுகள் இரண்டு மூன்று எட்டுத் தள்ளிக் கிடந்தன. என்னுடையது நான் நின்ற இடத்தில், சப்பாத்துக்குப் பக்கத்தில். ஆகஸ்ட் மாதமே உனக்குச் சொன்னேனே, மறந்துவிட்டாயா என்று கேட்டார். உன் கோது சோம்பேறித்தனமாக விழுகிறது, ஒருமுறை கழற்றிப் பார் என்று.

சொன்னார்தான். ஞாபகம் வந்தது. நானும், ஓம் ஓம் பார்க்கிறேன் என்றுவிட்டுக் கல்யாணச் சேலை எடுக்கிற மும்முரத்தில் அப்படியே விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு ஒருமுறை இரண்டாவது வெடி நின்றதும் உண்டு. தோட்டாவில் ஏதோ பிழை என்று தள்ளிவிட்டேன். சந்தனப் பொட்டு வைப்பதற்குக் குறைந்தது ஒரு மாதத்துக்கு முன்னால்.

அப்படியானால் என்ன பிழை என்று அவரிடம் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். சிலிண்டருக்குள் அழுத்தம் போனால் எதைப் பார்ப்பாய், உன் வேலை என்ன என்று திருப்பிக் கேட்டார். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. வளையம்! நாள் முழுக்க வளையம் மாற்றுகிறவள், தன் சாமானில் வளையத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டிருக்கிறேன். ஊருக்குத்தான் உபதேசம்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவரைக் கையோடு கராஜுக்கு இழுத்துக்கொண்டு போனேன். பிஸ்டனைத் துடைத்து, எண்ணெய்ப் பசை ஒன்றும் இல்லாமல் காயவிட்டு, அதன் சிலிண்டருக்குள் விட்டேன்.

"இஞ்ச பாருங்கோ. இதைக் கவிழ்த்துப் பிடிக்கிறன். வளையம் நல்லதெண்டால் இது உள்ளுக்கு இறுக்கிக்கொண்டு நிக்கும். தேஞ்சதெண்டால் தன்ர பாரத்தில விழும்."

கவிழ்த்தேன். டொக்கென்று என் உள்ளங்கையில் விழுந்தது. மறுபடி விட்டேன், மறுபடி விழுந்தது. தலைமயிர் அளவு தடங்கல்கூட இல்லை. பிஸ்டனின் தலையில் மூன்று மெல்லிய எஃகு வளையங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தன. விளிம்பெல்லாம் தேய்ந்து கண்ணாடி மாதிரி மினுங்கின. சைக்கிள் பம்பில் வாஷர் போனால் எவ்வளவு அடித்தாலும் காற்று பின்னால் போகுமே, அதே கதை. வாயு வந்து தள்ளுகிறது, பாதி பக்கத்தால் ஓடிவிடுகிறது.

"விற்ற கிழவர் எத்தினை வருசம் சுட்டாரோ. அவர் தேய்ச்சு வைச்சதை நான் வாங்கியிருக்கிறன்," என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். விளங்கியது. விளங்காமல் இருக்க அவர் மொக்கர் இல்லை. ஆனால் நிமிர்ந்து கேட்டார், "அப்ப ஏன் நான் தொட்ட கிழமை பாத்து நிக்க வேணும்?"

"காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதைதான்! அப்பவே நிண்டது. ஓகஸ்டிலயே கோது சரியாப் பறக்கேல்லை. அந்த மனுசன் எனக்குச் சொன்னவர். நான்தான் பாக்கேல்லை. பிழை என்னில. கழற்றிப் பாக்காமல் விட்டது நான், பழியை உங்களில போட்டதும் நான்." சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. பிழை என்னில் என்று நான் அந்த வீட்டில் அதற்கு முன் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அதுதான் வினையாகிப் போனது. "நீர் எனக்காகச் சொல்லுறீர்," என்றார். "பிழை என்னில எண்டு நீர் சொல்லுற ஆளே? கல்யாணத்துக்காகச் சொல்லுறீர்." விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். இருபத்தெட்டு வருடம் விட்டுக்கொடுக்காமல் இருந்ததன் பலன், உண்மையைச் சொன்னாலும் நம்புவதற்கு ஆளில்லை.

துவக்குக் கடைக்குப் போன் பண்ணி வளையங்களுக்குச் சொன்னேன். ஐந்து நாளில் தபாலில் வந்தன. உள்ளங்கையில் கொட்டினால் மூன்று சின்ன வளையம், ஒவ்வொன்றிலும் ஒரு வெட்டு. குழந்தைக்குக் கூடப் போட முடியாத மோதிரம் போல. அவற்றைக் கொண்டுபோய் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த மேசையில் வைத்தேன்.

"இதைப் போடுறது நீங்கள்."

"நானோ? உமக்கென்ன விசரே?"

"உங்கட கை பிழையான கை எண்டால் இது ஓடாது. ஓடாட்டில் நானே தம்பிக்கு எடுத்து, நீயே வார் எண்டு சொல்லுறன். உங்களோட இதைப்பற்றி இனி ஒரு கதையும் கதைக்க மாட்டன். ஓடினால் நீங்கள்தான் தாரை வார்க்கிறியள். சம்மதமோ?"

அவர் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பினார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்தார். பந்தயத்தைக் கட்டிய பிறகுதான் எனக்கு யோசனை வந்தது. வளையம் மட்டும்தான் பிழை என்று எப்படித் தெரியும்? உள்ளே ஸ்பிரிங் தளர்ந்திருந்தால்? வாயு வருகிற துளை தேய்ந்து பெருத்திருந்தால்? இரண்டையும் பார்த்திருந்தேன், சரியாகத்தான் இருந்தன. ஆனால் என் பார்வையில் எனக்கே அப்போது அவ்வளவு நம்பிக்கை இல்லை. பிள்ளையாரே, என்ர வாயை மன்னிச்சு அந்த மனுசன்ர கையைக் காப்பாற்று என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன்.

கராஜ் மேசையில் விளக்கை இழுத்து வைத்தேன். நான் தொடவே கூடாது என்பதற்காக இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் இருந்துகொண்டேன். சேலைக்குக் குத்துகிற பின் ஒன்றைக் கொடுத்து, பழைய வளையத்தின் வெட்டில் நுனியை விட்டுக் கிளப்பச் சொன்னேன். முதல் வளையம் கிளம்பியது. இரண்டாவது டிங் என்று பறந்துபோய் ஃபிரீசருக்கு அடியில் விழுந்தது.

"பாத்தீரே!" என்று கையை எடுத்துவிட்டார்.

"ஐயோ, அது பழசப்பா! குப்பைக்குப் போறது பறந்தால் என்ன, ஓடினால் என்ன! பிடியுங்கோ பின்னை!"

காடிகளைத் துணியால் துடைத்தார். புது வளையத்தின் ஒரு முனையைக் காடிக்குள் வைத்து, பெருவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மற்ற முனையைச் சுற்றிச் சுற்றி உள்ளே இறக்க வேண்டும். அதிகம் விரித்தால் வளைந்துவிடும், வளைந்தால் அதை எறிய வேண்டியதுதான். அவருடைய விரல் தடித்த விரல். முதல் வளையத்துக்கு மூச்சையே விடவில்லை. அது காடிக்குள் போய் இருந்தபோது, "போட்டுது," என்றார், நம்பாத குரலில். இரண்டாவது கொஞ்சம் சுகமாகப் போனது. மூன்றாவதை, "பொறும், பொறும்," என்று என்னை அடக்கிவிட்டுத் தானாகவே போட்டார். நான் அந்த நேரம் வாயே திறக்கவில்லை.

வெட்டுகள் மூன்றும் ஒரே நேரில் நிற்காமல் வேறு வேறு பக்கம் பார்க்கும்படி வளையங்களைத் திருப்பிவிடச் சொன்னேன். ஒன்றுக்கு நேரே ஒன்று நின்றால் வாயுவுக்குக் கதவைத் திறந்து விட்ட மாதிரி. அவர் அதைப் பின்னின் நுனியால் தள்ளித் தள்ளிச் சரிபார்த்தார், இரண்டு தரம் பார்த்தார். பிறகு பிஸ்டனைச் சிலிண்டருக்குள் விட்டார். இப்போது அது சும்மா போகவில்லை, தள்ளித்தான் விட வேண்டியிருந்தது. கவிழ்த்தார். விழவில்லை. ஒரு கையைக் கீழே ஏந்திக்கொண்டு, விழும் விழும் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருமுறை மெல்லக் குலுக்கினார். அப்போதும் விழவில்லை. எனக்குக் கூத்தாட வேண்டும் போல இருந்தது. அவர் அதை மேசையில் வைத்துவிட்டு, "சுட்டுப் பாக்க வேணும்," என்றார்.

ஞாயிறு காலை அவரும் வந்தார். சுடுதளத்துக்கு அவர் வந்தது அன்றைக்குத்தான். காதை மூடுகிற கவசத்தைப் போட்டுவிட்டு, பின்னால் நிலத்தில் போட்டிருக்கிற மஞ்சள் கோட்டுக்கு அப்பால் நிறுத்தினேன். முகம் வெளுத்துப் போயிருந்தது. பழைய மெக்கானிக் அவருக்குப் பக்கத்தில் போய், கேட்காமலேயே, துணைக்கு நின்றார். மூன்று தோட்டா போட்டேன். மூச்சை விட்டு, முதலாவதைச் சுட்டேன். அது எப்போதும் போவதுதான். இரண்டாவதுக்கு விசையில் விரலை வைத்தபோது இருபத்தெட்டு வருடமும் அந்த விரல் நுனியில் வந்து நின்றது.

இரண்டாவதும் வெடித்தது. அந்த மூச்சு அடங்குவதற்குள் மூன்றாவதும். கோதுகள் வலது பக்கம் பறந்துபோய்ப் புல்லில் விழுந்தன, தூரத்தில், எல்லோருடையதும் விழுகிற இடத்தில். நான் மறுபடி மூன்று போட்டேன், போனது. மறுபடி மூன்று. இப்படி ஐந்து தரம். ஒன்றுகூடச் சிக்கவில்லை. துவக்கை வெறுமையாக்கி, திறந்து, மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினேன். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. துடைக்கவும் இல்லை. அப்பாடா என்று நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

அவர் கவசத்தைக் கழற்றிப் பழைய மெக்கானிக்கின் கையில் கொடுத்தார். என்னிடம் வரவில்லை. கார் நிற்கிற பக்கம் நடந்து போனார். எனக்குப் பயம் பிடித்துவிட்டது. ஐயையோ, இவ்வளவுக்குப் பிறகும் இந்த மனுசன் மாட்டேன் என்கிறதோ என்று பின்னாலேயே ஓடினேன். காருக்குப் பக்கத்தில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று போனில் கதைத்துக்கொண்டிருந்தார்.

"ஓம், தம்பி, நான்தான். இல்லை, சுகமாத்தான் இருக்கிறன். முதுகில ஒண்டுமில்லை, அது சும்மா சொன்னனான். நீங்கள் ரெண்டு பேரும் வந்து முன்வரிசையில இருங்கோ." அந்தப் பக்கம் தம்பி ஏதோ கேட்டிருக்க வேண்டும். அவர் போனைக் காதோடு தோளால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இரண்டு கையையும் முன்னால் விரித்துப் பார்த்தார்.

"என்ர பிள்ளையடா. என்ர கையாலதான் குடுப்பன்."